கல்லில் ராஜா பெயர் இல்லை



இன்று பிப்ரவரி 14. நம் பக்கத்தில் காலையில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் ஒரே கேள்வியாக வருகிறது. "கட்சிக் கொடி எங்கே? தலைவர் படம் எங்கே? டிசைன் பண்ண பையன் மறந்துட்டானா?"

மறக்கலை. தெரிந்தேதான் வைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறோம். ஐந்து நிமிஷம் ஒதுக்கிப் படியுங்கள்.

2019, இதே நாள். ஜம்மு – ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் 78 வண்டிகளில் 2,500க்கும் மேற்பட்ட சிஆர்பிஎஃப் வீரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். புல்வாமா மாவட்டம் லெத்போரா அருகே, வெடிமருந்து நிரப்பிய வண்டி ஒன்று வந்து அவர்கள் பேருந்தில் மோதியது. 40 பேரை இழந்தோம். அதில் இரண்டு பேர் நம் ஊர்ப் பிள்ளைகள். தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன். அரியலூர் மாவட்டம் கார்குடி சிவசந்திரன்.

40 என்ற நம்பர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்த இரண்டு பெயரும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி சொந்தங்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தனி உரிமை இருக்கிறது. சிஆர்பிஎஃப் குரூப் சென்டர் ஆவடியில்தான் இருக்கிறது. படைகளுக்குச் சீருடை தைக்கும் ஓசிஎஃப் ஆவடியில்தான் இருக்கிறது. விஜயந்தா தொடங்கி அர்ஜுன் வரை டாங்குகள் உருவான எச்.வி.எஃப்-பும் இங்கேதான். காலை ஷிப்டுக்கு டிபன் பாக்ஸோடு சைக்கிளில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். எங்கோ பனியில் நிற்கிற ஒருவர் போட்டிருக்கும் சட்டையின் தையல், நம் பக்கத்து வீட்டு அக்கா போட்டதாக இருக்கலாம். அந்தச் சட்டையோடு ஒருவர் விழுந்தால், அது டிவியில் பார்த்துவிட்டுச் சேனல் மாற்றுகிற செய்தி ஆகுமா நமக்கு?

சரி, விழுந்தவரை எப்படி நினைக்க வேண்டும்? இதை நமக்கு யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன் செய்து காட்டியிருக்கிறான்.

2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் நடுகற்கள் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்தவை. தமிழி எழுத்து, 2,000 வருஷத்துக்கும் பழசு. அதில் ஒரு கல், கூடலூரில் ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுடையது. அவன் பெரிய தளபதி இல்லை. மாட்டுக்காக நடந்த ஊர்ச் சண்டையில் விழுந்த ஒரு சாதாரண மனுஷன். ஆனால் அவன் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எதற்காகச் செத்தான் என்பது இருக்கிறது. அப்போது ஆண்ட ராஜா யார்? அந்தக் கல்லில் இல்லை!

பல நூற்றாண்டு கழித்து, பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்களில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வருகிறது. அது காலத்தைக் குறிக்க. கல்லில் செதுக்கியிருக்கும் உருவமோ ஆயுதம் பிடித்து நிற்கும் அந்த வீரனுடையது. ராஜாவுக்கு ஒரு வரி, வீரனுக்கு முழுக்கல். இதுதான் நம் மரபின் அளவு.

இன்று காலையில் போட்ட படத்துக்கான விளக்கம் அவ்வளவுதான். தலைவர் முகம் பெரிதாக, வீரர் முகம் ஸ்டாம்ப் சைஸில் இருந்தால் அது அஞ்சலி இல்லை, விளம்பரம். எந்தக் கட்சி செய்தாலும் விளம்பரம்தான். நாம் செய்தாலும்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். கல்லை நட்டுவிட்டு நம் முன்னோர் வீட்டுக்குப் போய்விடவில்லை. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியாகத் தொல்காப்பியம் சொல்கிறது. அந்தப் படையல் இன்னும் நிற்கவில்லை. தருமபுரி, திருவண்ணாமலை பக்கம் போனால் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். யார் அந்த வீரன், எந்தச் சண்டை என்று கும்பிடுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஊருக்காக நின்றவன் ஊரைக் காப்பான் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றி வைத்திருக்கிறது. அரசு ஆணை போட்டு வந்ததில்லை இது. பக்தி காப்பாற்றிய ஞாபகம்.

டெல்லி சாணக்கியபுரியில் தேசிய காவலர் நினைவிடம் இருக்கிறது. 1959 அக்டோபர் 21-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் தாக்குதலில் 10 காவலர்கள் உயிர்விட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு அக்டோபர் 21-ம் காவலர் வீரவணக்க நாள். 2018-ல் அதே தேதியில் அந்த நினைவிடம் திறக்கப்பட்டது. நடுவில் என்ன நிற்கிறது தெரியுமா? 30 அடி உயரக் கருங்கல். சுவரில் பெயர்கள். தேசமே சேர்ந்து நட்ட நடுகல் என்று சொல்லத் தோன்றுகிறது. கல் வந்துவிட்டது, பெயரும் பொறித்தாகிவிட்டது. படையலும் வாழ்த்தும் யார் பொறுப்பு? அதற்கு டெல்லி வராது. நாம்தான்.

அதனால் இந்த வருஷம் ஷேர் பண்ணுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நான்கு வேலை சொல்கிறோம்.

1. இன்று மாலை வீட்டு வாசலில் ஒரு அகல் ஏற்றுங்கள். ஏற்றும்போது "வீரர்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல் பெயர் சொல்லுங்கள். சுப்பிரமணியன். சிவசந்திரன். பிள்ளைகளையும் சொல்ல வையுங்கள்.

2. அவரவர் நம்பிக்கைப்படி செய்யுங்கள். திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயிலோ, பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலோ, உங்கள் தெரு அம்மன் கோயிலோ, அங்கே போய் அவர்களை நினைத்து ஒரு விளக்கு. சர்ச்சுக்குப் போகிறவர்கள் பூசையில் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் துஆ செய்யுங்கள். ராணுவத்திலேயே எல்லா மதத்தாரும் ஒரே கூரையின் கீழ் கும்பிடும் சர்வ தர்ம ஸ்தலம் உண்டு. அங்கே சண்டை இல்லை. நம் கமென்ட் பாக்ஸிலும் வேண்டாம்.

3. உங்கள் வார்டில் வீரரை இழந்த குடும்பம் இருந்தால் போய்ப் பாருங்கள். கட்சித் துண்டு போடாமல் போங்கள். செல்பி வேண்டாம். அந்த அம்மா பேசினால் கேளுங்கள். பென்ஷன் ஆபீஸுக்கோ பேங்குக்கோ துணைக்கு ஆள் வேண்டுமென்றால் வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். படையல் என்பது இதுவும்தான்.

4. போனில் கவனமாக இருங்கள். 2019-ல் தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே, சிதைந்த உடல்கள் என்று போலிப் படங்கள் சுற்றின. தயவுசெய்து பரப்பாதீர்கள் என்று சிஆர்பிஎஃப்-பே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. பெற்ற தாய் பார்க்கக் கூடாத படத்தை நாம் ஃபார்வர்ட் பண்ணக் கூடாது. வீரர் குடும்பத்துக்கு நிதி என்று வரும் க்யூஆர் கோடை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். மத்தியப் படை வீரர் குடும்பங்களுக்கு உதவ உள்துறை அமைச்சகத்தின் 'பாரத் கே வீர்' தளம் 2017 முதல் இருக்கிறது. அதிகாரபூர்வ முகவரியைச் சரிபார்த்து, அதில் கொடுங்கள்.

"ஒரு விளக்கு ஏற்றினால் போன உயிர் திரும்பி வருமா?" என்று சிலர் கேட்பார்கள். வராது. ஆனால் தீயன் அந்தவனுக்கு யாரோ ஒரு கல் நட்டதால்தான் 2,000 வருஷம் கழித்து, ஆவடியில் பஸ்ஸுக்கு நிற்கும் நீங்கள் அவன் பெயரைப் போனில் படிக்கிறீர்கள். மாட்டுக்காக நின்றவனுக்கே இவ்வளவு செய்த மண், நமக்காக நின்றவர்களுக்கு என்ன செய்யப்போகிறது?

இன்று மாலை 6 மணி. உங்கள் வாசல். ஒரு அகல், இரண்டு பெயர்.

விளக்கை மட்டும் படமெடுத்து கமென்டில் போடுங்கள். உங்கள் முகம் வேண்டாம், நம் கொடியும் வேண்டாம்.

வீரவணக்கம்!

#பெயர்சொல்லிவணங்குவோம் #வீரவணக்கம்