வலமா, இடமா?

வயிற்றுவலி என்றால் நம் வீடுகளில் முதலில் தேடுவது ஓமத்தையும் பெருங்காயத்தையும்தான். சாதாரண அஜீரணத்துக்கு அது போதும். ஆனால், சகோதரிகளே, அடிவயிற்றில் ஒரே பக்கமாக வலி நின்று, ஜுரமும் சேர்ந்துகொண்டால், அது கஷாயத்துக்குக் கட்டுப்படுகிற சமாசாரம் அல்ல.

பெருங்குடலின் சுவரில், பலவீனமான இடங்களில், சிறு பைகள் பிதுங்குவதுண்டு. பழைய சைக்கிள் ட்யூபில் புடைப்பு கிளம்புகிறதே, அதுபோல. பலருக்கு ஆயுள் முழுவதும் அவை இருப்பதே தெரியாது. பை அழற்சி கண்டு வீங்கினால்தான் தொல்லை. இதற்கு டைவர்ட்டிகுலைட்டிஸ் என்று பெயர்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பெரும்பாலும் இடது பக்கம் வருகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் வலது பக்கமே அதிகம்! வியாதி ஒன்றுதான், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் குணம் மாறுகிறது.

இடது பக்கத்து உபாதை அநேகமாக வயது முதிர்ந்தவர்களுக்கு வருவது. மலச்சிக்கலோ பேதியோ கூடவே வரலாம். சீழ் கட்டுவதும், குடல் ஓட்டையாவதும் இந்தப் பக்கத்தில்தான் அதிகம். வலது பக்கத்தில் வருவது சற்று இளையவர்களுக்கு. பொதுவாகச் சாது, பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே மருந்திலும் ஓய்விலும் அடங்கிவிடும்.

ஆனால் அந்தச் சாதுவிடம் ஒரு வேஷம் உண்டு. அப்பெண்டிஸைட்டிஸ் வலியைப் போலவே இருக்கும். அப்பெண்டிக்ஸ் என்று எண்ணி வயிற்றைத் திறந்த பிறகே உண்மை தெரிந்த சந்தர்ப்பங்கள் உண்டு. இன்று சி.டி. ஸ்கான் பெரும்பாலும் வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறது.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். சினைப்பைக் கோளாறும், கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே இடத்தில் வலிக்கும். ஆகவே மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்தப் பரிசோதனை செய்வது என்பதே அதைப் பொறுத்தது.

காரணம் தெரியாத வலிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதும், எனிமா வைப்பதும், வலி மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்குவதும் கூடவே கூடாது. வயிறு பலகையாக விறைத்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

"வேர்க்கடலை, எள்ளெல்லாம் பையில் சிக்கிக்கொள்ளுமாமே?" என்று கேட்பீர்கள். நெடுங்காலம் டாக்டர்களே அப்படித்தான் சொல்லி வந்தார்கள். 47,000-க்கும் அதிகமான ஆண்களைக் கவனித்து, 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி, கொட்டை வகைகளாலும் சோளப்பொரியாலும் இந்த வியாதி அதிகமாகவில்லை என்று காட்டியது. கீரை, அவரை, முழுத் தானியம் எல்லாம் குடலுக்கு நண்பர்களே. வலி தணிந்த பிறகு தாராளமாகச் சேர்க்கலாம்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவது நம் வழக்கமாக இருக்கலாம். வலியையும் அப்படிக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள்!