பூட்டாத 'வைபை'! வீடு தேடி வந்த போலீஸ்!

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 50 பேருக்கு மேல் பலியானார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது.

போலீசார் துப்பு துலக்கினார்கள். நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு இண்டர்நெட்டில் இருந்து அது போயிருந்தது. அவரிடம் விசாரணை, கம்ப்யூட்டர் சோதனை! கடைசியில் தெரிந்தது என்ன? அவர் வீட்டு 'வைபை'க்குப் பாதுகாப்பு இல்லை. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 13-ந் தேதி டெல்லி குண்டு வெடிப்பிலும் இதே கதை. அப்போது சிக்கியது, மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியின் 'வைபை'.

சுவர் தடுக்காது

'வைபை' அலை சுவரைத் தாண்டும். மாடிப்படியில் நிற்பவருக்கும் கிடைக்கும். அவர் எது செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் இணைப்புதான்.

"நாங்கதான் பாஸ்வேர்டு வச்சிருக்கோமே!" என்பீர்கள். அது உங்கள் செல்போன் நம்பரா? அப்படியானால் பூட்டிவிட்டு சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரிதான்!

என்ன செய்யலாம்?

யாரும் யூகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். 'வைபை' பெட்டியின் செட்டிங்கைத் திறக்க இன்னொரு பாஸ்வேர்டு உண்டு. பல பெட்டிகளில் அது வெறும் 'அட்மின்'. அதையும் மாற்றுங்கள். 'டபிள்யு.இ.பி.' என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைபட்டுவிட்டது. 'டபிள்யு.பி.ஏ.2' அல்லது '3' இருக்கட்டும்.

பத்து நிமிட வேலைதான். தப்பு செய்தவன் யாரோ; போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்!