இரண்டே ஆண்டு பதவி. இன்றும் நிற்கும் பெயர்!

பெரணமல்லூருக்குப் பட்டுச் சேலை வாங்க வருகிறவர் என்ன பார்ப்பார்? நெசவாளி எத்தனை வருஷம் தறியில் உட்கார்ந்தார் என்றா விசாரிப்பார்? இல்லை. சேலையை விரிப்பார். இழையைப் பார்ப்பார். ஜரிகையைப் பார்ப்பார். பிறகுதான் விலை பேசுவார்.

அரசியல் தலைவர்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எத்தனை தேர்தலில் ஜெயித்தார், எத்தனை ஆண்டு நாற்காலியில் இருந்தார் என்பது முக்கியம் அல்ல. அவர் மக்களுக்கு விட்டுச் சென்றது என்ன? அதுதான் முக்கியம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்.

விவசாயி முதல்வர் ஆனார்

பெரணமல்லூரில் இருந்து வந்தவாசி வழியாகப் போனால் திண்டிவனம் வரும். அதன் அருகே உள்ள கிராமம் ஓமந்தூர். அங்கே 1895-ம் ஆண்டு, ஒரு விவசாயக் குடும்பத்தில் ராமசாமி ரெட்டியார் பிறந்தார். காங்கிரசில் சேர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டார். வள்ளலார் வழியில் நடந்தவர். திருவண்ணாமலை ரமண மகரிஷியிடமும் பக்தி கொண்டவர்.

1947-ம் ஆண்டு மார்ச் மாதம், பிரகாசத்துக்குப் பிறகு அவர் சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியை ஏற்றார். இப்போதைய முதல்-அமைச்சர் பதவிதான் அது. அந்த நாளில் அதற்குப் 'பிரதமர்' என்று பெயர். 1947 ஆகஸ்டு 15-ந் தேதி நாடு விடுதலை அடைந்தபோது, மாகாண ஆட்சி அவர் கையில்தான் இருந்தது.

அவர் பதவியில் இருந்தது சுமார் இரண்டு ஆண்டுகள். அதற்குள் நடந்த காரியங்களைப் பாருங்கள்.

கோவில் கதவு திறந்தது

தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் போக முடியாத காலம் அது. 1939-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் வைத்தியநாத அய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. ஆனாலும் பல ஊர்களில் கோவில் கதவு திறக்கவில்லை. 1947-ல் ஓமந்தூரார் ஆட்சி ஆலயப் பிரவேசச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கும்பிடும் உரிமை, சட்டப்படியான உரிமை ஆயிற்று.

அதே ஆண்டில் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தது. பெண் குழந்தைகளைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை அது தடை செய்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல ஆண்டுகள் போராடியது இதற்காகத்தான்.

அடுத்தது நிலம். அந்தக் காலத்தில் உழுகிறவன் ஜமீன்தாருக்கு வரி கொடுப்பான். ஜமீன்தார் சர்க்காருக்குக் கொடுப்பார். நடுவில் உழவன்தான் நசுங்கினான். ஆரணியும் ஒரு காலத்தில் ஜாகீர்தார் கையில் இருந்த ஊர்தான். ஓமந்தூரார் ஆட்சி 1947-ல் வரியைக் குறைக்கச் சட்டம் செய்தது. 1948-ல் ஜமீன்தாரி முறையையே ஒழிக்கச் சட்டம் செய்தது. நிலத்தை உழுதவனும் சர்க்காரும் நேருக்கு நேர் நின்றார்கள். இடையில் ஆள் இல்லை!

1949-ல் பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு தன் வசம் எடுத்தது. அது பிறகு மக்களின் பொதுச் சொத்து ஆயிற்று. இன்று பாரதி பாட்டைப் பாட எந்தக் குழந்தையும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியது இல்லை.

குறை இல்லையா?

உண்டு. 1948-ல் பள்ளிக்கூடங்களில் இந்தியைப் புகுத்த அவரது ஆட்சி முயன்றது. பெரியார் தலைமையில் பெரும் போராட்டம் மூண்டது. மக்கள் மனதை அறியாமல் செய்த காரியம் அது.

மதுவிலக்கு 1948 அக்டோபர் 2-ந் தேதி மாகாணம் முழுவதற்கும் வந்தது. ஆனால் 1971-ல் அது தளர்ந்தது. சட்டம் போட்டால் மட்டும் குடி ஒழிந்துவிடாது என்பதையும் நாடு கண்டது.

"இவர் வளைந்து கொடுக்கத் தெரியாதவர்" என்றும் சொன்னார்கள். சொந்தக் கட்சிக்காரர்களின் சிபாரிசுக்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. அதனால் கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் அவர் விலகினார். குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார்.

வளைந்து கொடுத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் ஆண்டிருக்கலாம். ஆனால் சிபாரிசுக்கு ஒரு முறை வளைந்தவன், பிறகு நிமிர்வது எளிதா?

பதவி போனபின் அவர் வடலூருக்குச் சென்றார். வள்ளலார் பெயரால் ஏழை மக்களுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் தொண்டு செய்தார். 1970-ல் மறையும் வரை அதுவே அவர் வாழ்க்கை.

வாக்காளர் கேட்க வேண்டியது

சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் பெயர் தாங்கிய அரசினர் தோட்டம் இருக்கிறது. 2010-ல் அங்கே புதிய சட்டசபைக் கட்டிடம் திறந்தார்கள். 2014-ல் அந்தக் கட்டிடம் பெரிய ஆஸ்பத்திரி ஆயிற்று. மந்திரிகளுக்காகக் கட்டிய இடத்துக்கு இன்று நோயாளிகள் வருகிறார்கள். நாற்காலி நிலையானது அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பெரணமல்லூருக்கும் ஒரு காலத்தில் சொந்தமாகச் சட்டசபைத் தொகுதி இருந்தது. 2006 தேர்தலே அதற்குக் கடைசி. தொகுதிகளைத் திருத்தி அமைத்தபோது அந்தப் பெயர் மறைந்துவிட்டது. ஊர்கள் அக்கம்பக்கத்துத் தொகுதிகளில் சேர்ந்துவிட்டன. இது பலருக்கு வருத்தம்தான்.

ஆனால் தொகுதியின் பெயர் போனாலும் ஓட்டுச் சீட்டு போகவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் பெரணமல்லூர் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "நீங்கள் இரண்டே ஆண்டு இருந்தால், எங்களுக்கு எதை விட்டுச் செல்வீர்கள்?"

பதில் சொல்லத் தெரிந்தவருக்கே ஓட்டுப் போடுங்கள்!