கோணமும் கோணலும்



முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். முதலாண்டு டிராயிங் ஹாலில் நான் போட்ட முதல் கோடே கோணல்தான்! மினி டிராஃப்டர் ஒரு பக்கம் இழுக்க, ஷீட் ஒரு பக்கம் நழுவ, ஐசோமெட்ரிக் வியூவில் 30 பாகையில் ஏற வேண்டிய கோடு எங்கேயோ போய் நின்றது. "தம்பி, கண்ணுல கோணம் இருந்தாத்தான் கையில வரும். வெளியில போய்ப் பாரு" என்றார் எங்கள் சார். வெளியில் எதைப் பார்ப்பது? அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தது அண்ணன் கழித்துக் கொடுத்த பழைய செல்போன். அதன் கேமராவில் குறுக்கே இரண்டும் நெடுக்கே இரண்டுமாகக் கோடு போட்டு ஒன்பது கட்டம் காட்டும் வசதி இருக்கிறது. உங்கள் போனிலும் இருக்கும், தேடிப் பாருங்கள். அந்தக் கட்டத்துக்குள் என் ஊரைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான், பதினெட்டு வருஷமாக நான் அதைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது.

என் ஊர் நாமகிரிப்பேட்டை. பெயரைச் சொன்னதும் பெரியவர்களுக்கு நாகஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். வியாபாரிகளுக்கு மஞ்சள் நினைவுக்கு வரும். எனக்கு இப்போது இரண்டிலும் வடிவம்தான் தெரிகிறது. நாகஸ்வரம் ஒரு நீண்ட கூம்பு அல்லவா? வேக வைத்த மஞ்சளைக் களத்தில் கொட்டினால் அதுவும் ஒரு கூம்பு. மஞ்சளுக்கு பாலிஷ் போடும் டிரம் உருளை. பக்கத்து ஊர் மில்லில் காயும் ஜவ்வரிசி ஒவ்வொன்றும் ஒரு கோளம். வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை மாடியிலிருந்து எடுத்துப் பாருங்கள், அது டாப் வியூ. கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இலவசப் பாடம்!

"இதெல்லாம் வெட்டி வேலை, படம்னா முகம் தெரியணும்" என்கிறான் என் அறை நண்பன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிவில் படிக்கிற நாம் 'ஆங்கிள் ஆஃப் ரெப்போஸ்' என்று பரீட்சைக்கு உருப்போடுகிறோம். கொட்டிய பொருள் எதுவானாலும் தனக்கென்று ஒரு சாய்வில்தான் நிற்கும். காய்ந்த மணல் ஏறக்குறைய 30 முதல் 35 பாகையில் நிற்கும், அதற்கு மேல் குவித்தால் சரிந்துவிடும். மஞ்சள் குவியலைப் பக்கவாட்டில் உட்கார்ந்து படம் பிடித்தபோதுதான் அந்தப் பாடம் எனக்கு மண்டையில் ஏறியது. கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் உச்சி குறுகிப் பின்னால் சாய்கிறதே, ஏன்? போன் சாய்ந்ததால்தான். போனைச் சுவருக்கு இணையாக நேராகப் பிடித்துக்கொண்டு, பின்னால் தள்ளிப் போய் எடுங்கள். கோடுகள் நிமிர்ந்துவிடும். எலிவேஷனுக்கும் பெர்ஸ்பெக்டிவுக்கும் உள்ள வித்தியாசம் இதைவிட எப்படிப் புரியும்?

இந்தப் பாடத்தை நம் மண்ணிலேயே படித்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர். 1850-களின் கடைசியில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858-ல் வெளியான அவருடைய ஆல்பங்களில் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களையும் பற்றியது. (நம்ம பகுதியும் அப்போது சேலம் ஜில்லாதான். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்.) தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, காகித நெகட்டிவை வைத்துக்கொண்டு 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்துச் சுமார் 19 அடி நீளத்துக்கு நிறுத்தினார். எத்தனை பொறுமை! எத்தனை அளவு சுத்தம்! ஆனால் அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் படம் விழ வெகு நேரம் பிடிக்கும். நடந்து போகிறவர் பதிய மாட்டார். அதனால் அந்தக் காலப் படங்களில் கல் இருக்கும், கோடு இருக்கும், ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

டிரைப்புக்கு அது காலத்தின் குறை. எனக்கு?

இங்கேதான் என் கோணலைச் சொல்ல வேண்டும். என் அம்மா மஞ்சள் களத்துக்குக் கூலிக்குப் போகிறவர். ஒரு நாள் பக்கத்து மாடியில் ஏறிக் களத்தைப் படம் எடுத்தேன். செவ்வகமான களம், அதில் இணைகோடுகளாக மஞ்சள் வரிசைகள், குறுக்கே விழுந்த நிழல் ஒரு முக்கோணம். பிரமாதம்! ஒரு மூலையில் மட்டும் குனிந்த ஓர் உருவம் முக்கோணத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. கிராப் பண்ணி வெட்டிவிட்டேன். ஒரு போட்டிக்கு அனுப்பினேன், பரிசும் வந்தது.

பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குது சாமி. அன்னைக்கு நானும் அங்கதான நின்னேன்... இதுல நா எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் வெட்டிய உருவம் அம்மாதான். அது தெரிந்தேதான் வெட்டினேன். அந்த இணைகோடுகளை யார் போட்டது? டிராஃப்டரா? உச்சி வெயிலில் அம்மாவும் கூட வேலை செய்கிறவர்களும் காலால் தள்ளி, கையால் கிளறி விட்ட கோடுகள் அல்லவா அவை! வரைந்தவரை வெட்டிவிட்டு வரைபடத்துக்குப் பரிசு வாங்கிக்கொண்டேன்.

பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1932-ல் இயேர் என்ற ஊரில் எடுத்த படத்தைப் பார்த்தேன். மேலிருந்து பார்க்க, சுருண்டு இறங்குகிறது ஒரு படிக்கட்டு. அதன் கீழே தெருவில் சைக்கிளில் ஒருவர் பறக்கிறார். ஓவியப் பள்ளியில் வடிவக் கணிதத்தை முறையாகக் கற்றவர் அவர். வளைவு அத்தனை சுத்தம். ஆனால் விரலால் அந்த சைக்கிள்காரரை மறைத்துப் பாருங்கள், வெறும் படிக்கட்டுதான் மிஞ்சும்! வடிவம் படத்துக்குச் சட்டம். உயிர் அதற்குள் வந்து போகிற ஆள்.

ஆகவே என் கருத்து இதுதான். கோணம் தேடுவது வெட்டி வேலை அல்ல, நாம் படிக்கிற படிப்பின் பாதி அது. ஆனால் நாளைக்கு நாம் சைட்டில் நின்று பிளானைக் கையில் பிடிக்கப் போகிறவர்கள். கோட்டைப் பார்த்து ஆளைப் பார்க்காத கண் அங்கே ஆபத்தானது. சாரத்தின் முக்கோணம் தெரிய வேண்டும். அதன் மேல் செங்கல் சுமந்து நிற்பவரின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

நமது மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாப் புகைப்படப் போட்டியில் ஒரு புதுப் பிரிவு வையுங்கள். நிபந்தனை மூன்று போதும். ஸ்கேல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு வடிவம் படத்தில் இருக்க வேண்டும். அந்த வடிவத்தை உண்டாக்கிய உழைப்பாளியும் இருக்க வேண்டும். அவரிடம் கேட்டு எடுத்து, எடுத்ததை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

நான் மறுபடியும் அந்த மாடிக்கு ஏறினேன். இந்தத் தடவை வெட்டவில்லை. குனிந்த முதுகு ஒரு வளைவாக மூலையில் நிற்கிறது, வரிசைகள் எல்லாம் அதை நோக்கித்தான் ஓடுகின்றன. பரிசுக்கு அனுப்பவில்லை. பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆணி அடித்தது நான்தான், சட்டம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

"கோணலா இருக்குதேம்மா" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும், உடு" என்றார் அம்மா.