ஏட்டுச் சுரைக்காயா உத்தரவாதம்?



பணம் கைமாறும்வரை வாடிக்கையாளர் தெய்வம். பழுது என்று திரும்பி வந்தால் அவரே தொல்லை! கார் விற்பனை நிலையங்கள் பலவற்றில் இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. "நீங்கள் ஓட்டிய முறை சரியில்லை", "கம்பெனி ஒப்பவில்லை", "அடுத்த வாரம் வாருங்கள்" என்று மாறி மாறிச் சொல்லியே உத்தரவாதக் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். அச்சிட்டுக் கொடுத்த தாள் ஏட்டுச் சுரைக்காயாகிவிடுகிறது.

"நம்மிடம் ஏது கார்?" என நீங்கள் நகைக்கலாம். ஸ்கூட்டரும் செல்பேசியும் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான். ஊரில் தந்தை கடன்பட்டு வாங்கும் காருக்காக நாளை வாதாட வேண்டியவர்களும் நாம்தாம்.

பௌதிக மாணவனாகிய எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு ஒன்றுண்டு. நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் நிறுவனத்தின் கிரெட்டா கார் ஒன்று 2017-இல் விபத்துக்குள்ளாயிற்று. காற்றுப்பைகள் விரியவில்லை, உரிமையாளர் காயமுற்றார். முன்புறத்தில் போதிய வலுவுடன் மோதினால்தான் பை விரியும் என்றது நிறுவனம். உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் அதை ஏற்க மறுத்தது. வேகத்தையும் விசையையும் கணக்கிடும் பௌதிக நிபுணராக வாங்குபவர் இருக்கவேண்டியதில்லை என்று கூறி, இழப்பீட்டோடு காரையும் மாற்றித் தரவேண்டும் என்ற ஆணையை உறுதி செய்தது.

எல்லாப் பழுதுக்கும் புதுக்கார் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. 2006-இல் மாருதி வழக்கில் அதே நீதிமன்றம், பழுதான உறுப்பை மாற்றுவதாகவே உத்தரவாதம் சொல்லும்போது காரையே மாற்றச் சொல்ல இயலாது என்றது. வணிகருக்கும் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை அவர் எழுத்தில் தரட்டும் என்பதே என் கட்சி. வாய்ச்சொல் மறுப்பு மறுப்பே ஆகாது.

என் ஆய்வுக்கூட நண்பர் ஒருவர் இந்நகரில் பழுதான ஸ்கூட்டருக்காக ஒரு கடைக்கு ஏழு முறை நடந்தார். தெலுங்கு தடுமாறிற்று, கூச்சம் வாயை அடைத்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டும் சேரவில்லை. உத்தரவாதம் மட்டும் முடிந்துபோயிற்று. ஒவ்வொரு முறையும் குறையை ஜாப் கார்டில் எழுதச்செய்து நகல் வாங்கியிருந்தால், அந்த ஏழு நடையும் ஏழு சான்றுகளாகியிருக்கும்!

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஊர்விட்டு ஊர் வந்த நமக்கென்றே செய்ததுபோல் ஒரு வசதி செய்திருக்கிறது. முறையிடுபவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்கிடலாம். மதுரையில் வாங்கிய வண்டிக்கு ஐதராபாத்தில் நீதி கேட்கலாம். கொடுத்த விலை 5 இலட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். வழக்குக்குமுன் 1915 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே முறையிட்டுப் பார்க்கலாம்.

சட்டம் மூன்று திங்களில், ஆய்வுச் சோதனை வேண்டுமெனில் ஐந்து திங்களில், தீர்ப்புக்கு முயலச் சொல்கிறது. நடைமுறையோ ஆமை வேகம். விபத்து நடந்த நாளிலிருந்து அந்தக் கிரெட்டா வழக்கு முடியவே நான்கு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாம் சோர்ந்துபோவோம் என்பதே வணிகரின் நம்பிக்கை. தனி ஆள் சோர்வான், கூட்டம் சோராது. ஆகவே நம் மன்றம் திங்கள்தோறும் ஒரு மாலையை ஒதுக்கட்டும். உத்தரவாதத் தாளோடு வருவோருக்கு அதைப் படித்துக் காட்டுவோம்; முறையீட்டுக் கடிதம் எழுதித் தருவோம். முதல் கடிதத்தை எழுத நான் அணியமாயிருக்கிறேன். தாளோடு வருவீர்களா, தோழர்களே?