பயண நாளில் இலேசான வீடு

 

சின்னஞ்சிறு வயதில் என்னிடம் அலிஃப், பே பயின்ற மாணவன் ஒருவன் இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் என்னைத் தேடி வந்தான். கையிலிருந்த தாளை விரித்தான். இரண்டு சக்கரங்களின் மேல், முன்புறம் உருண்டும் பின்புறம் சரிந்தும், நீர்த்துளி ஒன்று படுத்திருப்பதைப் போன்ற பெட்டி ஒன்று அதில் வரையப்பட்டிருந்தது.

“இது என்ன தம்பி?”

“வீடு, அஸ்ரத். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு. நன்னிக்காகச் செய்யப் போகிறேன்.”

வாடகை வீட்டில் குடியிருப்பவனுக்கு இழுத்துப் போக ஒரு வீடா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவன் காரணத்தைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு மறைந்தது. அவனுடைய நன்னியின் தங்கை கூத்தாநல்லூரில் நோயுற்றுப் படுக்கையில் இருக்கிறார். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம். நன்னிக்கோ மூட்டு வலி. கீழே குந்தி அமர இயலாது. வழியில் ஒதுங்குவதற்குத் தக்க இடமில்லையே என்று அஞ்சி, சென்ற முறை பயணம் முழுவதும் தண்ணீரே அருந்தாமல் இருந்து, ஊர் சேர்ந்ததும் காய்ச்சலில் விழுந்தாராம். அதன்பின் மூன்று ஆண்டுகளாகத் தங்கையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் இப்படித் தாகத்தை அடக்கிக்கொண்டு பயணம் செய்கிறார்கள் என்பதை ஆண்களாகிய நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அவன் வரைந்திருந்தது புதுமையான பொருளன்று. அமெரிக்காவில் 1930-களிலேயே கண்ணீர்த்துளி வடிவில் இத்தகைய வண்டிகள் ஓடின. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947-இல், இதை வீட்டிலேயே செய்துகொள்ளும் வரைபடத்தை ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்னும் இதழ் வெளியிட்டது. பிளைவுட் பலகையின் அளவு 8 அடிக்கு 4 அடி என்பதால், வெட்டி வீணாக்காமல், வண்டியையும் 8 அடி நீளம், 4 அடி அகலமாகவே பலர் செய்தனர். உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்புறக் கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை.

நம் தமிழகத்திலும் இதற்கு நெருங்கிய முயற்சி ஒன்று உண்டு. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த, சென்னையில் கட்டடக்கலை பயின்ற அருண் பிரபு என்னும் இளைஞர், மூன்று சக்கர ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் ‘சோலோ’ என்று ஒரு நகரும் வீட்டை அமைத்தார். செலவு ஏறத்தாழ 1 இலட்சம் ரூபாய். பழைய பொருள்கள் பலவற்றைப் பயன்படுத்தினார். படுக்கை, சமையலிடம், கழிப்பிடம், சூரிய மின்பலகை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. குடிசைப் பகுதிகளின் இட நெருக்கடியைக் கண்டதே இவ்வெண்ணத்திற்கு வித்திட்டது. 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா இதைப் பாராட்டி எழுதியதும் நாடெங்கும் பேச்சாயிற்று.

இத்தகைய வீட்டைச் செய்வோருக்கு முதற் பாடம் கனம் பற்றியதே. 12 மில்லிமீட்டர் பிளைவுட் முழுப்பலகை ஏறத்தாழ 20 கிலோ; 18 மில்லிமீட்டர் ஏறத்தாழ 30 கிலோ. நான்கு பலகைகளில் தடிமனைக் குறைத்தாலே 40 கிலோ மிச்சம். நம் பையனோ முதல் வரைபடத்தில் இரும்புச் சதுரக் குழாயும் தடித்த தகடுமாக நிரப்பியிருந்தான்.

“ஐம்பது டன்னுக்கு மேற்பட்ட அர்ஜுன் டாங்கியைச் செய்ய ஆவடியில் தொழிற்சாலை இருக்கிறது. நீயும் அதையே ஏன் செய்கிறாய்?” என்று கேட்டேன். வெட்கத்துடன் சிரித்தான்.

தண்ணீரும் கனமே. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 250 லிட்டர் என்றால் கால் டன்! நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் ஒளூச் செய்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அந்தக் கணக்கில் 20 லிட்டர் கேன் ஒன்று இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஒளூவுக்குப் போதும். சுன்னத்தைப் பேணினால் வண்டியின் சுமையும் குறைகிறது!

கனத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்கொக்கியில் இறங்க வேண்டும். பின்புறச் சமையலிடத்தில் தண்ணீர்க் கேனையும் அடுப்பையும் அடுக்கிவிட்டால் கொக்கி இலேசாகி, வேகத்தில் வண்டி பாம்பைப் போல் நெளியும். இழுக்கும் காரையே கவிழ்த்துவிடக்கூடும். காற்று வந்து போகக் கீழும் மேலும் திறப்புகள் வேண்டும். உள்ளே கரியடுப்போ ஸ்டவ்வோ எரியலாகாது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். ஓடும்போது இழுவண்டிக்குள் எவரும் இருக்கலாகாது.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே, பதிவு தேவை. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை அதன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே, பலகை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே அறிவுடைமை. ஊருக்குச் சேரும் முன் சோதனைச் சாவடியில் நிற்கும் வீடு நன்னிக்கு உதவாது.

இவற்றையெல்லாம் பேசியபின், வண்டியின் முழு அளவைச் சாக்கட்டியால் வீட்டுத் தரையில் வரையச் சொன்னேன். வரைந்தான். அந்த 8 அடிக்கு 4 அடிக் கோட்டுக்குள் நன்னியை அமரவைத்தான். “இங்கே அலமாரி, இங்கே மின்விசிறி, இங்கே டிவி” என்று காட்டிக்கொண்டே போனான். அந்த மூதாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இதெல்லாம் எனக்கு எதுக்கு வாப்பா? உட்கார ஒரு நாற்காலி, எழுந்திருக்கப் பிடிச்சுக்க ஒரு கம்பி, நாலு பக்கமும் மறைப்பு. இவ்வளவு இருந்தா நான் நாளைக்கே கிளம்புவேன்.”

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சாக்கட்டிக் கோடுகளைத் தன் கையாலேயே துடைத்தான். ஒரே வாரத்தில், மடக்கக்கூடிய கழிப்பிட நாற்காலி ஒன்றை வாங்கி, அதன் இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி பற்றவைத்தான். நான்கு அலுமினியக் குழாய்களில் தடித்த துணியைக் கட்டி, சுருட்டி வைக்கும் மறைப்புக் கூடாரம் செய்தான். வாளி, மூடியுள்ள பை, ஒரு கேன் தண்ணீர். எல்லாம் மாமாவின் காரின் பின்பெட்டியில் அடங்கின. வழியில் மூன்று இடங்களில் நிறுத்தி, நன்னி வயிறாரத் தண்ணீர் குடித்து, ஒளூச் செய்து, கூத்தாநல்லூர் சேர்ந்தார். அக்காளும் தங்கையும் கையைப் பற்றியபடி அன்றிரவு உறங்கவே இல்லையாம்.

அருள்மறையின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் 80-ஆம் வசனம் வீட்டைப் பற்றிப் பேசுகிறது. நிலையான இல்லத்தை அமைதித் தலமாக்கியதைக் கூறியபின், கால்நடைகளின் தோலாலான கூடாரங்களையும் இறைவனின் அருட்கொடையாகக் குறிப்பிடுகிறது. அவற்றின் சிறப்பாக அது எடுத்துரைப்பது அழகையன்று, அகலத்தையுமன்று. பயண நாளிலும் தங்கும் நாளிலும் அவை இலேசாக இருப்பதையே. பலமுறை ஓதிய வசனம்தான். அதன் பொருள் அந்தச் சாக்கட்டிக் கோட்டருகில்தான் எனக்கு நன்கு விளங்கிற்று.

நீர்த்துளி வண்டியை அவன் கைவிட்டுவிடவில்லை. விதிகளைக் கேட்டறிந்து, அனுமதி கிடைத்தால் நிதானமாகச் செய்வான். அவனுடைய கைத்திறன் வளர்வதும் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இப்போது வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதன் எடையையும், அது யாருக்குத் தேவை என்பதையும் எழுதுகிறான்.

சகோதரர்களே! அடுத்த பயணத்திற்குப் பெட்டி கட்டுமுன், உங்கள் தாயிடமும் மனைவியிடமும் ஒன்று கேளுங்கள்: “வழியில் உங்களுக்கு என்ன வேண்டும்?” நாமாக ஊகித்துச் செய்யும் பெரிய ஏற்பாட்டைவிட, அவர்கள் சொல்லும் சிறிய ஏற்பாடு பெரும்பாலும் இலேசானது; செலவும் குறைந்தது. நம் பயணங்களை அல்லாஹ் எளிதாக்கி வைப்பானாக! ஆமீன்.