துணைக் கேள்வியும் மனப்பாடமா?

பள்ளிக்கூட ஹாலில் சட்டசபை கூடுகிறது. பிளஸ்-1 மாணவி ஒருத்தி சபாநாயகர். அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்த பையன் முதல்-மந்திரி. தோளில் துண்டு போட்டவன் எதிர்க்கட்சித் தலைவர். மணி அடிக்கிறது. "வினா எண் 3" என்கிறார் ஒரு உறுப்பினர். மந்திரி எழுந்து பதில் சொல்கிறார். துணைக் கேள்வி வருகிறது. அதற்கும் பதில் தயார்! எதிர்க்கட்சி மேஜையைத் தட்டுகிறது. கோஷம். வெளிநடப்பு. இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து சமர்த்தாக உட்கார்ந்து கொள்கிறது. மசோதா நிறைவேறுகிறது. ஒரே கைதட்டல். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து ஆளுக்கொரு சர்ட்டிபிகேட்!

"எம்புள்ள என்னமா பேசறான் பாருங்க" என்று பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். பூரிக்கட்டும், தப்பில்லை. மைக் முன்னால் நின்றால் பெரியவர்களுக்கே கால் உதறும். அந்தப் பயம் போனாலே பாதி லாபம்தான்.

ஆனால் ஒரு சின்ன சந்தேகம். அந்தத் துணைக் கேள்வியை எழுதியது யார்? பெரும்பாலும் வாத்தியார்! பதிலை எழுதியவரும் அவரே. எந்த வரி முடிந்ததும் வெளிநடப்பு என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தவரும் அவரே. இது சட்டசபையா, ஆண்டு விழா நாடகமா?

மாதிரி நாடாளுமன்றம் இன்று நேற்று வந்ததல்ல. 1962-ல் பம்பாயில் கூடிய கட்சிக் கொறடாக்கள் மாநாடு இதற்குச் சிபாரிசு செய்தது. 1966-ல் டெல்லி பள்ளிக்கூடங்களில் போட்டியாகத் தொடங்கினார்கள். 1988-ல் கேந்திரிய வித்யாலயாக்களுக்கு அகில இந்தியப் போட்டி வந்தது. 1997-ல் நவோதயா பள்ளிகளுக்கும் காலேஜ்களுக்கும் வந்தது. 2019-ல் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு இளைஞர் நாடாளுமன்ற விழா என்று இன்னொன்று. திட்டத்துக்குப் பஞ்சமில்லை. நல்ல நோக்கம்தான். நாம் அதை நடத்துகிற லட்சணத்தில்தான் கோளாறு.

நிஜமான சட்டசபையில் கேள்வி நேரம் எப்படி நடக்கிறது? உறுப்பினர் முன்கூட்டியே கேள்வியை எழுதிக் கொடுத்து விடுகிறார். அதிகாரிகள் பைல் தயார் செய்து மந்திரி கையில் கொடுக்கிறார்கள். மந்திரி வாசிக்கிறார். இதுவரை ஒரு கஷ்டமும் இல்லை. அடுத்து உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி போடுகிறாரே, அங்கேதான் சிக்கல்! அது என்ன கேள்வி என்று யாருக்கும் முன்னால் தெரியாது. விஷயம் தெரிந்த மந்திரி சமாளிப்பார். தெரியாதவர் பின்னால் திரும்பி அதிகாரியைப் பார்ப்பார். 2022 ஜனவரியில் நம் சட்டசபைக் கேள்வி நேரத்தை நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கினார்களே, பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. நம்ம சேலத்துக்காரர் கதையையே சொல்லலாம்.

சேலம் விஜயராகவாச்சாரியார், 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர், 1895-ல் சென்னை சட்டசபைக் கவுன்சிலில் உறுப்பினர் ஆனார். அப்போது நடப்பில் இருந்தது 1892-ம் ஆண்டு சட்டம். கேள்வி கேட்கலாம். நோட்டீஸ் கொடுத்துக் கேட்கலாம். சர்க்கார் பதில் சொல்லி விட்டால் அவ்வளவுதான், உட்கார வேண்டியதுதான். பதில் அரைகுறையாக இருந்தாலும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க உரிமை கிடையாது! 1909-ல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்த பிறகுதான், கேள்வி கேட்டவர் துணைக் கேள்வியும் போடலாம் என்றானது. 1913-ல் அவர் மத்திய சட்டசபைக்குப் போனபோது அந்த உரிமை கையில் இருந்தது.

வெள்ளைக்காரன் 1909-ல் விட்டுக்கொடுத்ததை இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க மாட்டேன் என்கிறோம்!

காரணம் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாக நாமக்கல் வட்டாரம் பெயர் வாங்கியது மார்க்கில்தானே. விடிய எழுப்பி, ராத்திரி வரை ஒப்பிக்க வைத்து, வாரத்துக்கு நாலு டெஸ்ட். "பிராய்லர் பள்ளிக்கூடம்" என்று ஜனங்களே பெயர் வைத்து விட்டார்கள். மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கம் 2017-ல் நின்று போனது. ஒப்பிக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. பாடத்தை ஒப்பித்த வாய் சட்டசபையையும் ஒப்பிக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, எடுத்துக் கொள்ளும் விஷயம். பிளாஸ்டிக் ஒழிப்பு, மரம் நடுதல், உலக வெப்பம்... இதை எதிர்த்துப் பேச எந்த எதிர்க்கட்சியால் முடியும்? "மரம் நடக் கூடாது" என்றா பேச முடியும்?

நம் ஊரில் விஷயத்துக்கா பஞ்சம்? முட்டை விலை தினமும் அறிவிக்கிறார்கள். பண்ணையில் ஒரு விலை, கடையில் ஒரு விலை. நடுவில் இருப்பது யாருக்குப் போகிறது? பண்ணைக்காரர் மகனும் மளிகைக்கடைக்காரர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களை எழுப்பி விட்டால் சபை சூடு பிடிக்காதா? மரவள்ளிக் கிழங்கு போட்ட ஆத்தூர், ராசிபுரம் விவசாயிக்கும் ஜவ்வரிசி ஆலைக்காரருக்கும் விலைத் தகராறு. சேலம் ஊருக்குள்ளே சாக்கடையாக ஓடும் திருமணிமுத்தாறு. பள்ளிப்பாளையம், குமாரபாளையத்துச் சாயத் தண்ணீர். சாயப்பட்டறையில் கூலி வாங்கும் வீட்டுப் பையன் ஒரு பக்கம், காவிரித் தண்ணீர் குடிக்கும் வீட்டுப் பையன் மறுபக்கம். சில வீட்டில் இரண்டு பேரும் ஒரே பையன்!

2018-ல் சேலம்-சென்னை எட்டு வழிச்சாலை வந்ததே, 277 கிலோ மீட்டர்! காடு கரை போகிறது என்று ஒரு கூட்டம், ஊர் வளரும் என்று ஒரு கூட்டம். 2019 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு நிலம் எடுப்பதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு திட்டத்துக்கு வழி விட்டது. கோர்ட்டுகளே இரண்டு விதமாகப் பார்த்த விவகாரம். மாதிரி சட்டசபைக்கு இதைவிட நல்ல மசோதா எங்கே கிடைக்கும்?

"அய்யய்யோ, அரசியல்!" என்று தலைமையாசிரியர்கள் பதறுவார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். ஒரு பையன் ஏடாகூடமாக எதையாவது கேட்டு வைத்தால், மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. ஆனால் ஒன்று. ஓட்டுப்போடும் வயது 1989-ல் 21-லிருந்து 18 ஆகி விட்டது. இன்று பிளஸ்-2 பெஞ்சில் இருப்பவன் சீக்கிரமே வாக்காளர். காலேஜ் மாணவர்கள் ஏற்கனவே வாக்காளர்கள். அவர்களிடம் போய் அரசியல் பேசாதே என்றால் எப்படி?

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. 1936-ல் நியூயார்க் மாநிலத்தில் மாணவர் சட்டசபையை ஆரம்பித்தது. பல மாநிலங்களுக்கு அது பரவி விட்டது. மசோதாவை எழுதுகிறவனே மாணவன்தான். எழுதியதைச் சக மாணவர்கள் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். தாக்குப் பிடித்தால் நிறைவேறும். தோற்றுப் போகிற மசோதாவும் உண்டு. லண்டனில் 11 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் நாடாளுமன்றம் 2009-ல் நிஜமான காமன்ஸ் சபை பெஞ்சிலேயே உட்கார்ந்து விவாதம் நடத்தியது.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைத்து விடாதீர்கள். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்துப் பிள்ளை மோகன் குமாரமங்கலம் 1938-ல் கேம்பிரிட்ஜ் மாணவர் யூனியனுக்கே தலைவராக இருந்தவர். எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தா அந்த நாற்காலி கிடைத்திருக்கும்?

செலவில்லாத காரியம்தான் நாம் சொல்வது. முதல் கேள்வியையும் பதிலையும் வாத்தியார் எழுதிக் கொடுக்கட்டும். பரவாயில்லை. துணைக் கேள்வியில் மட்டும் கை வைக்க வேண்டாம். மந்திரியாக நிற்கும் பெண் பதில் தெரியாமல் திணறட்டும். "தகவல் பெற்று நாளை சபைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லட்டும். நிஜ மந்திரிகளே அப்படிச் சொல்வதுண்டு. மறுநாள் கலெக்டர் ஆபீசுக்கோ மாநகராட்சிக்கோ போய்க் கேட்டு வந்து சொன்னால், அந்த ஒரு பதில் பத்து மார்க் பாடத்துக்குச் சமம். மசோதாவும் ஓட்டெடுப்பில் தோற்கிறதா, தோற்கட்டும்.

இன்னொன்று. விழாவுக்கு எம்.எல்.ஏ.யை அழைக்கிறார்கள். மாலை போட்டு மேடையில் உட்கார வைக்கிறார்கள். அவர் வாழ்த்திப் பேசி விட்டுக் கிளம்பி விடுகிறார். சேலத்தில் 11, நாமக்கல்லில் 6, ஆக 17 தொகுதி இருக்கிறது. யாராவது ஒருவர் துணிந்து, "வாழ்த்துரை வேண்டாம், பத்து நிமிஷம் கேள்வி கேளுங்க, நான் பதில் சொல்றேன்" என்று சொல்லட்டுமே. அவர் நாற்காலியை மேடையிலிருந்து இறக்கி, மாணவ மந்திரிகளின் வரிசையில் போடுவதற்கு இரண்டு பையன்கள் போதும்.